ஒரே தாளத்துக்கு ஆடிய பெட்டி: பஸ் வேகத்தைக் கூட்டிய கதை

பஸ் வேகம் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வருவது, ஷிப்ட் முடிந்ததும் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலிருந்து வரிசையாகக் கிளம்பும் கம்பெனி பஸ்கள்தான். இந்தப் பதிவு அந்த பஸ்ஸைப் பற்றியது அல்ல :-) கம்ப்யூட்டருக்குள் பிராசசர், மெமரி, கார்டுகள், ஹார்டு டிஸ்க் எல்லாம் பேசிக்கொள்ள உதவும் கம்பித் தொகுப்புக்கும் பஸ் என்றுதான் பெயர். அதன் வேகத்தை, செய்த கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏற்றுவதை ஓவர்கிளாக்கிங் என்பார்கள்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இதில் மெகாஹெர்ட்ஸை விடக் கணக்குதான் சுவாரசியமாக இருக்கிறது. பிராசசரை வேகமாக ஓட்டுவதில் லாபம் பிராசசருக்கு. அடி விழுவது பெரும்பாலும் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஹார்டு டிஸ்க்குக்கும் சவுண்ட் கார்டுக்கும். பொருளாதார வகுப்பில் ஆலைக் கழிவையும் ஆற்றையும் வைத்து இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். லாபம் ஓரிடத்தில், செலவு வேறிடத்தில். இந்தப் பெட்டிக்குள் அப்படி ஆனது எப்படி என்பதற்கு ஒரு முப்பது நாற்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு உட்காரவும்.

முதலில் கிளாக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். தாளத்துக்குத் தாளம் எல்லோரும் ஒரே நேரத்தில் கோலை நீட்ட வேண்டும். தாளத்தைக் கூட்டினால் நன்றாக ஆடத் தெரிந்தவர் சமாளிப்பார். வட்டத்தில் ஒருவர் கை கொஞ்சம் தாமதமானாலும் கோல் காற்றில்தான் போகும். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ஒரு சிறிய குவார்ட்ஸ் கிறிஸ்டல் தாளம் போடுகிறது. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு சிப் அனுப்பிய விஷயம் மறுமுனையில் போய் நிலையாக நிற்க வேண்டும். தட்டுகளுக்கு இடையில் நேரம் குறைந்தால், முழுசாக வந்து சேராததை எதிர்ச் சிப் படித்துவிடும். 1 என்பது 0 ஆகும். இதில் புகை வராது, எதுவும் வெடிக்காது. ஓவர்கிளாக்கிங் என்றாலே சூடு, சிப் எரிந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பிராசசருக்கு அது சரி. மற்ற பாகங்களுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் சத்தமில்லாத ஆபத்து.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது உள்ளே இருந்த பிரதான கிறிஸ்டலின் வேகம் 14.31818 மெகாஹெர்ட்ஸ். என்ன விசித்திரமான எண் என்று தோன்றுகிறதா? அமெரிக்கக் கலர் டி.வி.க்குத் தேவையான 3.58 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் நாலு மடங்கு அது. நாலால் வகுத்தால் டி.வி. கலர். மூன்றால் வகுத்தால் பிராசசருக்கு 4.77. பன்னிரண்டால் வகுத்தால் கம்ப்யூட்டர் நேரம் எண்ணும் டைமர். அதிலிருந்த இன்டெல் 8088 சிப் 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனாலும் 4.77 போதும் என்று விட்டு ஒரு கிறிஸ்டல் செலவை மிச்சம் பிடித்தார்கள். காஸ்ட் அக்கவுண்டன்சி படிப்பவர்கள் கைதட்டலாம்!

ஆனால் சிக்கலின் விதையும் அங்கேதான். பிராசசரை வேகமாக்க அந்தக் கிறிஸ்டலை மாற்றினால் டி.வி. கலர் போய்விடும், கடிகாரமும் வேகமாக ஓடும். ஒருவரை மட்டும் தனியாக வேகப்படுத்த வழியே இல்லை.

1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில் பிராசசருக்குத் தனிக் கிறிஸ்டல் வந்தது, அதுவும் சாக்கெட்டில் செருகினாற்போல. 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், அதில் பாதி, 6 மெகாஹெர்ட்ஸ் வேகம். விட்டுவிடுவார்களா? அதைப் பிடுங்கிவிட்டு 16 அல்லது 18 கிறிஸ்டலைச் செருகினார்கள், பிராசசர் 8, 9 என்று ஓடியது. சில டாலர் செலவில் கிடைத்த வேகம். ஐ.பி.எம்.முக்கு இது பிடிக்கவில்லை. 1985 நவம்பர் தேதியிட்ட பயாஸில் வேகத்தைச் சோதித்து, அதிகமாக இருந்தால் மெஷினே கிளம்பாதபடி செய்தது. ஐ.பி.எம். சொந்தமாக 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை விற்றது அதற்குப் பிறகு, 1986இல். (வியாபாரத்தில் தற்செயல் என்று ஒன்று உண்டா என்ன!)

ஏ.டி.யில் கார்டு செருகும் ஸ்லாட்டுகளும் பிராசசர் வேகத்திலேயே ஓடின. 8 வரை பல கார்டுகள் தாங்கின, 10, 12 என்று போனால் திணறின. இதைச் சரியாகப் புரிந்துகொண்டது காம்பாக். 1986இல் அவர்கள் விட்ட டெஸ்க்ப்ரோ 386இல் பிராசசர் 16 மெகாஹெர்ட்ஸ், ஸ்லாட்டுகள் மட்டும் பழைய 8. வேகமாக ஓடுகிறவன் ஓடட்டும், மற்றவர்களை இழுக்காதே என்ற ஏற்பாடு. பிறகு எல்லோரும் அந்த 8 சொச்சத்தையே பழைய ஸ்லாட்டுகளுக்கு நியமமாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் காலகட்டத்தில் நம் ஊரில் கம்ப்யூட்டர் என்பதே அபூர்வம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதி வரியைக் குறைத்த பிறகுதான் பாகங்கள் ஓரளவு வர ஆரம்பித்தன. அவருடைய நினைவிடம் எங்கள் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. அந்த வழியாகப் போய்வரும் எத்தனை பேருக்கு, இன்று சுற்றிலும் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளோடு அவர் பெயருக்கு இப்படி ஒரு பழைய உறவு இருப்பது தெரியுமோ!

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். 1991இல் இன்டெல் 50 மெகாஹெர்ட்ஸ் 486 சிப்பை விட்டது. வெளியே பஸ்ஸும் 50தான். அடுத்த வருடம் வந்த 'வீசா லோக்கல் பஸ்' என்ற வேகமான ஸ்லாட் 33க்கு மூன்று கார்டு வரை தாங்கும், 50க்கு ஒன்று ஓடினாலே அதிர்ஷ்டம். அதே 1992இல் 486 டிஎக்ஸ்2-66 வந்தது. உள்ளே 66, வெளியே 33. இப்படி வெளி வேகத்தை உள்ளே பெருக்கிக்கொள்ளும் எண்ணுக்கு மல்டிபிளையர் என்று பெயர். இன்றைக்கும் எல்லா பிராசசரும் இப்படித்தான் ஓடுகின்றன.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மல்டிபிளையரைக் கூட்டினால் பிராசசர் மட்டும்தான் வேகமாகும். பஸ்ஸைக் கூட்டினால் எல்லோரும் கூடவே ஓட வேண்டும். மீதிக் கதை முழுவதும் இந்த வித்தியாசம்தான்.

பென்டியம் காலத்தில் பிரதான பஸ் 66 மெகாஹெர்ட்ஸ். அதைப் பாதியாக்கி பி.சி.ஐ. ஸ்லாட்டுகளுக்கு 33. பி.சி.ஐ.க்கு விதிக்கப்பட்ட உச்ச வரம்பே அந்த 33தான். பஸ்ஸை 75 ஆக்கினால் பி.சி.ஐ. 37.5. 83 ஆக்கினால் 41.5, அதாவது வரம்புக்கு மேல் கிட்டத்தட்ட 25 சதவீதம். 75ஐ ஒரு கம்பெனியே அதிகாரபூர்வமாகச் செய்தது என்பது வேடிக்கை. சைரிக்ஸ் 1996இல் விட்ட 6x86 பி200+ சிப்புக்கு 75 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேண்டும். அப்போது அதை ஒழுங்காகத் தாங்கும் மதர்போர்டுகளே சொற்பம்.

இதில் அதிகம் அடிபட்டது ஹார்டு டிஸ்க். டிஸ்க் தனியாகத்தானே சுற்றுகிறது, அதற்கு என்ன என்று தோன்றும். டிஸ்க்கோடு பேசும் ஐ.டி.இ. கன்ட்ரோலர் மதர்போர்டில் பி.சி.ஐ. தாளத்துக்கு ஆடுகிறது. எப்போது எழுது, எப்போது படி என்று டிஸ்க்குக்குக் கொடுக்கும் அவகாசத்தை அந்தத் தாளத்தை எண்ணித்தான் கணக்கிடுகிறது. தாளம் 25 சதவீதம் வேகமானால் அவகாசமும் சுருங்கும். அல்ட்ரா டி.எம்.ஏ. முறையில் கேபிள் வழியே போகும் தகவலைச் சரிபார்க்கும் வசதி உண்டு, தப்பாக வந்தால் திரும்ப அனுப்பச் சொல்லும். அதற்கு முந்தைய பி.ஐ.ஓ. முறையில் அதுவும் கிடையாது. வந்ததை அப்படியே எழுதிக்கொள்ளும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினால் கண்டுபிடிக்கலாம். ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையிலேயே பிழை விழுந்தால்? விண்டோஸ் 98 காலத்து ஃபேட் அமைப்பில் அதற்கு இருந்த ஒரே மருந்து ஸ்கேன்டிஸ்க். அது மீட்டுத் தரும் துண்டுகளை வைத்துக்கொண்டு அழலாம்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு, நான் பிறப்பதற்கு முன்னால். மாமா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். 2000 வாக்கில் ஒரு கடையில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கி டேலி போட்டிருந்தார். மாதக் கடைசியில் கணக்கு திறக்காது. இரண்டு தடவை ஹார்டு டிஸ்க் மாற்றினார்கள், வாரன்ட்டியில்தான். கோடை மதியங்களில் மெஷின் தானாக உறைந்துபோகும். "டிஸ்க் கம்பெனியே சரியில்லைடா" என்று இன்றும் சொல்லுவார். கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே செலரான் 333. ஜம்பர் 83இல் இருந்தது. ஐந்து மடங்கு, 415. "400க்கு மேல்" என்று சொல்லி விற்றதற்கு அர்த்தம் அதுதான். ஜம்பரை 66க்கு மாற்றிய பிறகு அதே மெஷின் நாலு வருடம் ஓடியது. அந்த இரண்டு டிஸ்க்குகளின் விலை யார் கணக்கில் ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். விற்றவருக்கு லாபம். மாமாவுக்குக் கணக்கு போச்சு. பணத்தைக் கொடுத்தது, எந்தத் தப்பும் செய்யாத டிஸ்க் கம்பெனி.

(கோடையில் மட்டும் ஏன் உறையும்? சிலிக்கான் சூடானால் உள்ளே சிக்னல் போக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஏற்கனவே சுருங்கிய அவகாசம் மேலும் சுருங்கும். டிசம்பரில் சோதித்து 'ஓடுது' என்றவர்களை மே மாதம் கவிழ்ப்பது அதுதான்.)

இப்படிக் குறைந்த சிப்பை அதிக வேகமாகக் காட்டி விற்பது உலகம் முழுக்க இருந்த தொல்லை. சிலர் சிப்பின் மேல் அச்சிட்டிருந்ததையே சுரண்டிவிட்டு வேறு எண் அச்சிட்டார்கள். இதைத் தடுக்க, 90களின் பிற்பகுதியில் இன்டெல் மல்டிபிளையரைப் பூட்டியது. கடைக்காரர் இஷ்டத்துக்கு எண்ணை மாற்ற முடியாது. கேட்க நல்ல காரியம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். பிராசசரை மட்டும் பாதிக்கும் வழியை அடைத்துவிட்டு, எல்லா பாகங்களையும் சேர்த்து இழுக்கும் வழியை மட்டும் திறந்து வைத்ததுபோல் ஆனது. வேகம் வேண்டும் என்றால் இனி பஸ்ஸைத்தான் கூட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இந்தச் சரித்திரத்தின் திருப்பமே இதுதான். ஹார்டு டிஸ்க்குகளை ஆபத்தில் தள்ளியதில் ஓவர்கிளாக் செய்த பையன்களுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பூட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அந்தப் பையன்களின் பொற்காலம் 1998 ஆகஸ்ட் 24. அன்று ஒரே நாளில் இன்டெல் இரண்டு சிப்புகளை வெளியிட்டது. பென்டியம் II 450, ஆயிரம் வாங்கினால் ஒன்று 669 டாலர். செலரான் 300ஏ, 149 டாலர். செலரான் 66 பஸ்ஸில் 4.5 மடங்கு ஓடியது. பஸ்ஸை 100 ஆக்கினால்? 450! பெரும்பாலான சிப்புகள் அதைத் தாங்கின. போர்டில் வசதி இல்லாவிட்டால் சிப் அட்டையின் பி21 என்ற பின்னை டேப்பாலோ நெயில் பாலிஷாலோ மூடினால் போதும், போர்டு அதை 100 பஸ் சிப் என்று நம்பிவிடும். ஏபிட் பி.எச்.6 மாதிரி போர்டுகளில் அதுவும் வேண்டாம், பயாஸ் மெனுவிலேயே மாற்றலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, 66இலிருந்து 100க்குத் தாவுவது 83க்குப் போவதைவிடப் பத்திரமானது! அந்த வருடம் வந்த இன்டெல் 440பி.எக்ஸ். சிப்செட் 100ஐ மூன்றால் வகுக்கும். பி.சி.ஐ. மறுபடி 33. கிராபிக்ஸ் கார்டின் ஏ.ஜி.பி. ஸ்லாட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு, 66. எல்லாம் சரியான எண்கள். மெமரி மட்டும் பி.சி.100 ரகமாக இருக்க வேண்டும். ஆபத்து இடைப்பட்ட எண்களில் இருந்தது. 112 வைத்தால் பி.சி.ஐ. 37க்கு மேல். கொஞ்சமாகக் கூட்டினால் கொஞ்சம் ஆபத்து, நிறையக் கூட்டினால் நிறைய ஆபத்து என்ற நம் பொது அறிவு இங்கே வேலைக்கு ஆகாது. 133 வைத்தால் நாலால் வகுத்து பி.சி.ஐ. 33 வந்துவிடும், ஆனால் பி.எக்ஸ்.இல் ஏ.ஜி.பி.க்குப் பாதியாக வகுக்கும் வழி இல்லை, 89இல் போய் நிற்கும். சில கிராபிக்ஸ் கார்டுகள் தாங்கின, சில திரையில் குப்பையைக் கொட்டின.

ஏ.எம்.டி. பக்கம் 2000இல் வேறு கூத்து. டூரான், தண்டர்பேர்டு சிப்புகளின் மேல் எல்1 என்று குறித்த சின்னச் சின்னப் புள்ளிகளை சாதாரண பென்சிலால் இணைத்தால் மல்டிபிளையர் பூட்டு திறந்துகொள்ளும். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்று பத்தாவதில் படித்தது யாருக்காவது உபயோகப்பட்டது என்றால் இவர்களுக்குத்தான் :-) பஸ்ஸைத் தொடாமலே வேகம் கிடைத்தது, டிஸ்க்கும் பிழைத்தது.

தீர்வு வந்தது 2002இல். என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட்டில் ஏ.ஜி.பி.யும் பி.சி.ஐ.யும் தனித் தாளத்தில் ஓடின. பிரதான பஸ்ஸை எவ்வளவு ஏற்றினாலும் அவை 66, 33 என்றே நிற்கும். 2003இல் இன்டெல் 865, 875 சிப்செட்டுகளிலும் அந்த வசதி. காம்பாக் 1986இல் கண்டுகொண்டதைத் தொழில் முழுவதுமாகத் திரும்பக் கண்டுகொள்ள இத்தனை வருடம்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 2007இல் டெல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் ஆலை திறந்தது. இந்த மாதிரி பிராண்டட் டெஸ்க்டாப்புகளின் பயாஸில் பொதுவாக பஸ் வேகம் என்ற வரியே இருக்காது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் மெஷினில் எல்லா வரியும் இருக்கும். முழுப் பெட்டிக்கும் வாரன்ட்டி கொடுப்பவர், ஒரு பாகத்தின் தப்புக்கு இன்னொரு பாகம் பலியாவதை அனுமதிக்க மாட்டார், அந்தச் செலவும் அவருடையதுதான். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கம்பெனி, ஒரு வாரன்ட்டி. இடையில் விழும் நஷ்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. இப்போது பிள்ளைப்பாக்கத்தில் மின்னணு உற்பத்திக்கென்றே தனித் தொகுப்பு வருகிறது. ஒரே போனுக்கு ஒருவர் கண்ணாடி, ஒருவர் போர்டு, ஒருவர் சார்ஜர் என்று செய்யும்போது இதே கேள்வி ஒப்பந்தக் காகிதங்களில் எழும்.

2011 ஜனவரியில் இன்டெல் கதையைத் தலைகீழாக்கியது. சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் பிராசசர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், சாட்டா டிஸ்க் எல்லாவற்றுக்கும் மறுபடி ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் தாளம், 1981 மாதிரியே. 104, 105 தாண்டினால் ஏதாவது ஒன்று மக்கர் செய்யும். ஆக பஸ் வழி அடைபட்டது. பூட்டில்லாத மல்டிபிளையர் வேண்டுமா, 'கே' எழுத்து உள்ள சிப் வாங்கு. ஐ5-2500 என்றால் 205 டாலர், 2500கே என்றால் 216. ஒரு சாவிக்கு 11 டாலர். அநியாயம் என்று அப்போது பலர் திட்டினார்கள். டிஸ்க்கின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆபத்தை விரும்புகிறவர் அதற்கான விலையைத் தானே கொடுக்கிறார்.

அடுத்த வருடம் இன்டெல் இன்ஷூரன்ஸும் விற்றது. ஓவர்கிளாக் செய்து சிப் போனால் ஒரு தடவை மாற்றித் தருவோம், 2500கே என்றால் பிரீமியம் 20 டாலர். சிப்புக்கு மட்டும்தான். கூடவே மதர்போர்டு போனாலும் மெமரி போனாலும் அது உங்கள் பாடு.

2015இல் ஸ்கைலேக் வந்தபோது அடிப்படைத் தாளத்திலிருந்து பி.சி.ஐ. எக்ஸ்பிரஸைப் பிரித்தார்கள். உடனே சில மதர்போர்டு கம்பெனிகள் 'கே' இல்லாத சிப்புகளையும் பஸ் வழியாக வேகமாக்கும் பயாஸை வெளியிட்டன. 2016 பிப்ரவரியில் இன்டெல் தலையிட்டு அடைத்தது. 2022இல் மறுபடி, சில பி660 போர்டுகளில் தனி கிளாக் சிப் வைத்துப் பூட்டிய சிப்புகளை ஓட்டினார்கள். டிஸ்க்கும் கார்டும் இந்த முறை வேறு தாளத்தில் பத்திரமாக இருந்தன, போனால் பிராசசர் மட்டும் போகும். அதற்கு முந்தைய வருடமே இன்டெல் அந்த இன்ஷூரன்ஸை நிறுத்தியிருந்தது.